நாற்பது ஏக்கரும் பியூரோ காகிதங்களும்: வாஷிங்டன் முதல் எடிஸ்டோ தீவு வரை

திங்கள், வாஷிங்டன்

தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு. அரசியல் சாசனத்தையும் சுதந்திரப் பிரகடனத்தையும் பார்க்க வருகிற கூட்டம் கான்ஸ்டிட்யூஷன் அவென்யூ பக்கம் வரிசையில் நிற்கிறது. பென்சில்வேனியா அவென்யூ பக்கத்து வாசல் ஆய்வாளர்களுக்கு. பாஸ்போர்ட்டைக் காட்டினால் இலவசமாக அட்டை தருகிறார்கள். பையையும் பேனாவையும் லாக்கரில் வைத்துவிட்டு பென்சிலோடு உள்ளே போனேன்.

நான் பார்க்க வந்தது ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் காகிதங்களை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிகிற தறுவாயில், 1865 மார்ச் 3 அன்று, ராணுவத் துறையின் கீழ் உருவான அலுவலகம் அது. விடுதலை பெற்ற ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகளுக்கும், போரில் வீடிழந்த வெள்ளையர்களுக்கும் உணவு, துணி, மருந்து, பள்ளிக்கூடம், நியாயமான கூலி ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அலுவலகம்தான் பொறுப்பு. முதல் வருடம் இதற்கென்று நாடாளுமன்றம் தனியாக ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. தென்மாநிலங்கள் முழுவதற்கும் சேர்த்து ஒரே நேரத்தில் 900 ஏஜென்டுகளுக்கு மேல் இருந்ததில்லை. ஒரு மாவட்டத்துக்கு ஒருவர்கூடக் கிடைக்காத இடங்கள் இருந்தன. ஆனாலும் அந்த ஆட்கள் எழுதினார்கள். எழுதித் தள்ளினார்கள்.

மைக்ரோஃபிலிமில் பார்த்தேன். உருளையைச் சுற்றச் சுற்ற கூலி ஒப்பந்தங்கள் ஓடின. அச்சடித்த படிவம், நடுவே கோடிட்ட இடங்கள், அதில் முதலாளி பெயர், தோட்டத்தின் பெயர், விளைச்சலில் எத்தனை பங்கு, துணி யார் தருவது, மருத்துவச் செலவு யாருடையது. அடியில் கையெழுத்துகள். கைநாட்டு வைப்பவருக்கு அங்கே ஒரு முறை இருந்திருக்கிறது. எழுத்தர் முதல் பெயரை இடது பக்கமும் குடும்பப் பெயரை வலது பக்கமும் எழுதி, நடுவே இடம் விடுவார். அந்த இடத்தில் ஆள் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறிக்கு மேலே 'அவரது', கீழே 'அடையாளம்' என்று எழுத்தர் பொடி எழுத்தில் சேர்ப்பார். ஒரு தாளில் வரிசையாக இப்படிப் பல குறிகள். சில குறிகளில் மை திட்டாகத் தேங்கியிருந்தது, பேனாவை அழுத்தி வெகுநேரம் வைத்திருந்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் காகிதத்தைக் கீறிக்கொண்டு போயிருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அது அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறை பேனா பிடித்த தருணமாக இருக்கலாம்.

மதியத்துக்கு மேல் கடிதங்கள். வந்த கடிதத்தை நீளவாக்கில் மடித்து, மடிப்பின் வெளிப்புறத்தில் யார் எழுதியது, எங்கிருந்து, என்ன விஷயம் என்று சுருக்கம் எழுதி எண் போட்டிருக்கிறார்கள். அதன்கீழே மேலதிகாரி குறிப்பு, அதற்குப் பதில், மறுபடியும் மேலே. எங்கள் தாலுகா ஆபீஸ் ஃபைல் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இந்தக் கடிதங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. 'அரசு உதவி' என்றால் நாம் சோற்றுக்கு வரிசையில் நிற்பவர்களை நினைக்கிறோம். பியூரோ விநியோகித்த ரேஷன் 2 கோடியைத் தாண்டும் என்பது உண்மை. அதில் லட்சக்கணக்கானவை வெள்ளையர்களுக்குப் போனவை என்பதும் உண்மை. ஆனால் விடுதலை பெற்றவர்கள் கொண்டுவந்த மனுக்களில் திரும்பத் திரும்ப வருவது வேறு: பேசிய கூலியை முதலாளி தரவில்லை, நிலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், விற்கப்பட்ட மனைவி எந்த ஊரில் இருக்கிறாள், என் பிள்ளையை மீட்டுக் கொடுங்கள்.

பிள்ளை விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். மேரிலாந்தில் 1864 நவம்பர் 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அதே மாதமே பழைய எஜமானர்கள் கறுப்பினக் குழந்தைகளை வண்டியில் ஏற்றி 'அனாதை நீதிமன்றங்களுக்கு'க் கொண்டுபோய், தொழில் பழகுநர் என்ற பெயரில் சட்டப்படித் தங்களோடு கட்டிவைத்துக்கொண்டார்கள். தாய் தகப்பன் உயிரோடு வாசலில் நின்றாலும் கணக்கில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிப் போனார்கள். தாய்மார்கள் பியூரோவுக்கு வந்து முறையிட்டார்கள். கடைசியில் எலிசபெத் டர்னர் என்ற இளம்பெண்ணின் வழக்கில், 1867இல் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் இந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தார். அதுவரைக்குமான மூன்று வருடங்கள் அந்தத் தாய்மாருக்கு எப்படிப் போயிருக்கும்!

செவ்வாய், வாஷிங்டன்

காலையில் லஃபாயெட் சதுக்கம். வெள்ளை மாளிகைக்கு எதிரே, கருவூலத் துறையின் துணைக் கட்டடத்துக்கு 2016இல் ஃப்ரீட்மன்ஸ் பேங்க் கட்டடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வங்கியின் தலைமையகம் நின்ற இடம் இது. பியூரோவுக்கு ஒப்புதல் கிடைத்த அதே நாளில் பிறந்த சேமிப்பு வங்கி. தனியார் வங்கிதான். ஆனால் பாஸ்புக்கில் லிங்கன் படம் போட்டிருந்தார்கள், பியூரோ ஏஜென்டுகளே இதில் பணம் போடச் சொன்னார்கள். அரசாங்கமே ஜாமீன் என்று ஜனங்கள் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? பிறகு நிர்வாகிகள் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கடனை வாரி இறைத்தார்கள். 1873 பொருளாதாரச் சரிவு வந்தது. பெயரைக் காப்பாற்ற 1874 மார்ச்சில், அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புப் பேச்சாளராகப் புகழ்பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். அவர் சொந்தப் பணம் 10,000 டாலர் போட்டும் ஜூன் மாதம் வங்கி மூடப்பட்டது. 61,000 பேருடைய ஏறத்தாழ 30 லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. சிலருக்குப் பிற்பாடு ஒரு பகுதி கிடைத்தது. பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. துவைத்தும் இஸ்திரி போட்டும் சேர்த்த காசு அது. ஏழையின் சேமிப்பைத் தொட்டவனை எந்தக் காலத்திலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே வங்கியின் பதிவேடுகள் இன்று குடும்ப வரலாறு தேடுவோருக்குப் பொக்கிஷம். கையெழுத்துப் போடத் தெரியாதவரை அடுத்த முறை அடையாளம் காண வேண்டுமே என்று கணக்குத் தொடங்கும்போதே எல்லாவற்றையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள்: பழைய எஜமானர் பெயர், தோட்டம், பிறந்த ஊர், உயரம், நிறம், தாய் தந்தை, பிள்ளைகள், எந்த ரெஜிமென்ட்.

பிற்பகல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம். இரண்டாம் தளத்தில் குடும்ப வரலாறு தேடுவதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அங்கே உதவிக்கு நின்ற முதிய பெண்மணி என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "1870க்கு முன்னால் எங்களுக்கு ஒரு சுவர் இருக்கிறதப்பா. அதைத் தாண்டித்தான் பாட்டனைப் பார்க்க வேண்டும்." 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளின் பெயரே கிடையாது. எஜமானர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் முதன்முதலாகப் பெயரோடு வருகிறார்கள். நடுவில் இருக்கும் ஐந்தாறு வருடங்களுக்குப் பியூரோ ஆவணங்கள்தான் கதி. தன்னார்வலர்கள் உட்கார்ந்து படித்து ஏறத்தாழ 18 லட்சம் பெயர்களை அட்டவணைப்படுத்தி 2016இல் முடித்தார்கள்.

அந்த அம்மா ஒரு திருமணப் பதிவேட்டின் பக்கத்தைத் திரையில் காட்டினார். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமிருந்ததில்லை. விடுதலைக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வந்து பதிந்துகொண்டார்கள், வருடக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தவர்கள்கூட. படிவத்தில் ஒரு கேள்வி: முன்பு வேறொருவரோடு வாழ்ந்ததுண்டா, எத்தனை வருடம், பிரிந்த காரணம் என்ன? காரணத்துக்கான கட்டத்தில் சிலருக்கு 'மரணம்' என்று இருக்கிறது. சிலருக்கு 'விற்கப்பட்டதால்'. எழுத்தர் மற்ற கட்டங்களை நிரப்பிய அதே சீரான கையெழுத்தில்.

புதன், அலெக்ஸாண்ட்ரியா, ஆர்லிங்டன்

அக்கா மகன் வர்ஜீனியாவில் இருக்கிறான். இன்று லீவு போட்டுவிட்டுக் காரெடுத்துக்கொண்டு வந்தான்.

அலெக்ஸாண்ட்ரியாவில் நெடுஞ்சாலை இரைச்சலுக்குப் பக்கத்தில் ஒரு நினைவிடம். போர்க்காலத்தில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிவந்து, நோயிலும் பசியிலும் இறந்தவர்களை 1864 முதல் 1869 வரை இங்கே புதைத்தார்கள். 1,700க்கும் மேற்பட்டவர்கள். பிற்பாடு இந்த இடத்தின்மேல், 1955இல், ஒரு பெட்ரோல் பங்கும் அலுவலகக் கட்டடமும் எழுந்தன. ஊர் மறந்தே போயிற்று. இங்கே யார் கிடக்கிறார்கள் என்று இன்று தெரிவதற்குக் காரணம், பொறுப்பிலிருந்த ஆல்பர்ட் கிளாட்வின் என்ற பாதிரியாரின் காலத்தில் தொடங்கிய ஒரு சாவுப் பதிவேடு. 2007இல் கட்டடங்களை இடித்து, 2014இல் நினைவிடமாக்கினார்கள். சுவரில் பெயரும் வயதும் வரிசையாக இருக்கின்றன. குழந்தைகள் அதிகம்.

"மாமா, கட்டுறதுக்கு முன்னாடி யாருக்குமே தெரியாதா?" என்றான்.

"தெரிஞ்சவங்க இருந்திருப்பாங்கடா. கேட்கிறவங்கதான் இல்ல."

ஆர்லிங்டன் தேசியக் கல்லறையின் 27ஆம் பிரிவு அடுத்தது. தென்னகத் தளபதி ராபர்ட் லீயின் மனைவி வழிச் சொத்து ஆர்லிங்டன். அதில் 1863இல் அரசு ஒரு கிராமமே அமைத்தது, ஃப்ரீட்மன்ஸ் வில்லேஜ் என்று. பள்ளி, மருத்துவமனை, தொழிற்கூடம் எல்லாம் இருந்தன. குடியிருந்தவர்கள் வாடகையும் கொடுத்தார்கள். 1900 வாக்கில் எல்லோரையும் அப்புறப்படுத்தினார்கள். 27ஆம் பிரிவில் சுமார் 3,800 பேர். சிப்பாய்களுக்கு வைக்கிற அதே வெள்ளைக் கல். பெயருக்குக் கீழே 'குடிமகன்' என்றோ 'சிவிலியன்' என்றோ பொறித்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது உச்ச நீதிமன்றம் இவர்கள் குடிமக்களே ஆக முடியாது என்று 1857இல் தீர்ப்பெழுதியிருந்தது.

காரில் திரும்பும்போது நான் அவனிடம் இன்னொரு கணக்கையும் சொன்னேன். தலைநகர் வாஷிங்டனில் மட்டும் 1862 ஏப்ரல் 16 அன்றே அடிமைமுறை ஒழிந்தது. சுமார் 3,100 பேர் விடுதலையானார்கள். அரசு நஷ்ட ஈடு கொடுத்தது, தலைக்கு 300 டாலர் வரை, எஜமானர்களுக்கு. விலை மதிப்பிட பால்டிமோரிலிருந்து அடிமை வியாபாரி ஒருவரையே வரவழைத்தார்கள். விடுதலையானவருக்கு? நாட்டைவிட்டு ஹைட்டிக்கோ லைபீரியாவுக்கோ போய்விட்டால் 100 டாலர் வரை. அவன் வெகுநேரம் பேசவில்லை.

ராத்திரி ரயில் ஏறினேன்.

வியாழன், சவானா

மேடிசன் சதுக்கத்தில் கிரீன்-மெல்ட்ரிம் வீடு. சவானாவைப் பிடித்த வடக்குப் படைத் தளபதி ஜெனரல் ஷெர்மன் தங்கிய மாளிகை. 1865 ஜனவரி 12 இரவு, ராணுவ அமைச்சர் ஸ்டாண்டனும் ஷெர்மனும் இங்கே கறுப்பின மதபோதகர்களும் சபைத் தலைவர்களுமாக 20 பேரை அழைத்து உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பேச்சு முழுவதும் கேள்வி பதிலாகப் பதிவாகியிருக்கிறது. எனக்குத் தெரிந்து, விடுதலையானவர்களிடமே அரசு நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்ட அரிய தருணம் இது.

பதில் சொன்னவர் காரிசன் ஃப்ரேசியர், வயது 67. எட்டு வருடங்களுக்கு முன்பு தன்னையும் மனைவியையும் 1,000 டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்து மீட்டுக்கொண்டவர். எங்களை நாங்களே பார்த்துக்கொள்ள நல்ல வழி, நிலம் கிடைப்பதும் அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிடுவதும்தான் என்றார். நான்கு நாள் கழித்து ஷெர்மனின் 15ஆம் எண் கள உத்தரவு வந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகள், கடலிலிருந்து 30 மைல் வரை ஆற்றோரம் கைவிடப்பட்ட நெல் வயல்கள், இவை கறுப்பினக் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். 'நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறதே, அந்தக் கழுதை உத்தரவில் இல்லை, ராணுவம் பிறகு சிலருக்குக் கொடுத்தது. சுமார் 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறினார்கள்.

வெயில் கடுமை. சாப்பாட்டுக்குத் தக்காளியில் வெந்த சிவப்புச் சோறு கிடைத்தது. இந்தக் கரையோரத்து நெல்லை விளைவித்த கைகளின் சமையல்.

வெள்ளி, பியூஃபர்ட், செயின்ட் ஹெலினா தீவு

இங்கே ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைவிட எவ்வளவு வலுவானது என்று பார்த்தேன்.

1861 நவம்பரில் வடக்குக் கடற்படை வந்ததும் தோட்ட முதலாளிகள் ஓடிவிட்டார்கள். வரி கட்டாத அவர்களுடைய நிலங்களை அரசு முறைப்படி ஏலம் விட்டது. சில துண்டுகளை விடுதலையானவர்கள் காசு சேர்த்து வாங்கினார்கள். தென்னகத்தாரின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பிவந்து புகழ்பெற்ற ராபர்ட் ஸ்மால்ஸ், தான் அடிமையாக இருந்த வீட்டையே இப்படித்தான் பெற்றார். பிரின்ஸ் தெருவில் இன்றும் நிற்கிறது, உள்ளே போக முடியாது. பழைய உரிமையாளர் குடும்பம் வழக்குப் போட்டது. 1878இல் உச்ச நீதிமன்றம் ஸ்மால்ஸ் பக்கம் நின்றது.

ஆக, ஏலச் சீட்டு வைத்திருந்தவர் நிலைத்தார். பக்கத்துத் தீவில் ஷெர்மன் உத்தரவை நம்பி உழுதவர் நிலைக்கவில்லை. 1866இல் பியூரோவை நீட்டித்த சட்டம், அப்படி நிலம் பறிகொடுத்தவர்கள் இந்தப் பகுதி அரசு நிலத்தில் 20 ஏக்கர் வரை விலைக்கு வாங்கலாம் என்றது. முதலில் 40 தருவதாகச் சொல்லிவிட்டு, பிறகு 20ஐக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

விடுதலையானவர்களுக்கான பென் பள்ளி 1862இல் தொடங்கியது. அதன் வளாகத்தில் ஓக் மரங்களின் கீழே சற்று நேரம் நடந்தேன். எதிரே செங்கல் தேவாலயம், 1855இல் அடிமைகள் கட்டியது, எஜமானர்கள் கீழே உட்கார, அவர்கள் மாடியில் நின்ற இடம். முதல் வகுப்புகள் சில அங்கேயும் நடந்தன.

சனி, எடிஸ்டோ தீவு

நான் கடல் தாண்டி வந்ததே இந்தத் தீவுக்காகத்தான்.

லிங்கன் கொல்லப்பட்ட பிறகு அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன், 1865 மே 29இலிருந்து தென்னகத்தாருக்கு மன்னிப்பு வழங்கத் தொடங்கினார். மன்னிப்போடு நிலமும் திரும்பும். பியூரோ தலைவர் ஜெனரல் ஹோவர்ட் ஜூலையில் 13ஆம் எண் சுற்றறிக்கை போட்டு, நிலத்தை விடுதலையானவர்களுக்கே ஒதுக்கச் சொன்னார். ஜான்சன் அதை ரத்து செய்யவைத்தார். செப்டம்பரில் 15ஆம் எண் சுற்றறிக்கை, நிலத்தைப் பழையவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லி. இரண்டிலும் ஹோவர்ட் கையெழுத்துதான். போரில் வலது கையை இழந்தவர், இடது கையால் போட்ட கையெழுத்து.

அக்டோபரில் அதே ஹோவர்டை எடிஸ்டோவுக்கு அனுப்பி ஜனங்களிடம் நேரில் சொல்லச் சொன்னார்கள். தேவாலயத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. விதைத்து, பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஜனங்கள். அவர் வாயெடுத்ததும் இரைச்சல். பேச முடியவில்லை. ஒரு மூதாட்டி துயரப் பாட்டொன்றைத் தொடங்க, கூட்டமே சேர்ந்து பாடியது. பிறகுதான் அவரால் சொல்ல முடிந்தது. உங்களை அடித்தவர்களை மன்னித்துவிடுங்கள், அவர்களோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்யுங்கள் என்றார். மாடியிலிருந்து ஒருவர், எங்கள் நிலத்தை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கத்தியதாக ஹோவர்டே எழுதிவைத்திருக்கிறார்.

ஹென்றி பிராம், இஷ்மேல் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்ப்சன் என்ற மூவர் குழு அவருக்கு எழுதிய பதில் பியூரோ ஆவணங்களில் இருக்கிறது. சாலையோரம் வண்டியை நிறுத்தி, பாசி தொங்கும் ஓக் மரத்தடியில் நின்று, கையில் கொண்டுவந்த நகலை வாய்விட்டுப் படித்தேன். அதில் ஓரிடம்:

"எங்கள் தீவின் நிலச்சொந்தக்காரர்களை மன்னிக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் போரில் வலது கையை மட்டும்தான் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவன், என் தாயையும் சகோதரியையும் துணி களைந்து அடித்தவன், அவனுடைய பயிரை நட்டு அவன் தரும் கூலிக்கு ஒப்புக்கொண்டாலொழிய அவனுடைய காலிக் குடிசையில்கூட என்னை இருக்கவிடாதவன், எனக்கு நிலம் கிடைக்காமல் மற்றவர்களோடு சேர்ந்து தடுப்பவன், அந்த மனிதனை என்னால் எளிதில் மன்னிக்க முடியாது."

நம் தகப்பன்மாரின் எலும்புகளைப் புதைக்கக்கூட நிலமில்லாமல் செய்கிறார்கள் என்று இன்னொரு வரி. இதைப் படித்தும் அந்த அரசாங்கம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. எதிர்த்த பியூரோ அதிகாரி ரூஃபஸ் சாக்ஸ்டனை 1866 ஜனவரியில் பதவியிலிருந்து நீக்கியது. ஒப்பந்தத்துக்கு ஒப்பாதவர்களைப் படை வந்து வெளியேற்றியது. ஹோவர்ட் நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாஷிங்டனில் அவர் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது, 1867 முதல் ஆயிரமாயிரம் பேரைப் படிக்கவைத்தது. பியூரோ கொடுத்த பள்ளிகள் நின்றன, சந்தேகமில்லை. ஆனாலும் நான் சொல்வேன்: அவர் அந்த மேடையில் ஏறாமல் ராஜினாமா செய்திருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஹட்சின்சன் வீடு. 1885 வாக்கில் ஹென்றி ஹட்சின்சன் கட்டிய மரவீடு, சொந்தமாகப் பஞ்சு அரவை நடத்தியவர். அவருடைய அப்பா ஜிம் ஹட்சின்சன் அடிமையாகப் பிறந்தவர். நிலம் பறிபோன இதே தீவில், 1870களில் குடும்பங்களிடம் காசு திரட்டி, தோட்டத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு செய்தவர். பலகைகளின் இடுக்கில் புதுக் கட்டைகளைச் சேர்த்துச் சீர்படுத்தியிருக்கிறார்கள்.

ஞாயிறு, சார்ல்ஸ்டன் விமான நிலையம்

விமானம் தாமதம். ஸ்மித்சோனியனின் எழுத்துப்படிவத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். பியூரோவின் கையெழுத்துப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் படித்துத் தட்டச்சு செய்யலாம், உலகின் எந்த மூலையிலிருந்தும். ஆங்கிலக் கூட்டெழுத்து படிக்கத் தெரிந்தால் போதும். நம் ஊரில் பழைய பத்திரம் படித்துப் பழகிய பெரியவர்களுக்கு இது கைவந்த கலை.

எனக்குத் திறந்தது ஒரு கடிதப் பதிவேட்டின் பக்கம். முதல் பதிவு கூலிப் புகார், இரண்டாவது பள்ளிக்கு அடுப்பு கேட்டு, மூன்றாவதில் ஒரு சொல் பிடிபடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கேள்விக்குறி போட்டுச் சேமித்தால் அடுத்து வருபவர் சரிபார்ப்பார். பாதிப் பக்கம் முடித்திருக்கிறேன். சென்னையில் இறங்கியதும் மீதி.